மதுரைல இருந்துக்கிட்டே கொயர் கண்டக்டர் ஆகுறது எப்படி: நான் முட்டி மோதுன வழி

கொயர் கண்டக்டர் ஆகப்போறேன்னு வீட்ல சொன்ன அன்னைக்கு எங்க மாமா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "எந்த டிப்போம்மா?" இன்னமும் ரூட் நம்பர் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. கொயர்னா பாடகர் குழு, அதுக்கு முன்னாடி நின்னு கையசைச்சு நடத்துறவங்கதான் கண்டக்டர், மாமாவுக்குத் தெரிஞ்சது பஸ் கண்டக்டர் மட்டும்தான். அவரச் சொல்லிக் குத்தமில்ல, நம்ம பக்கம் இதுக்கு வழி சொல்ல ஆளே கிடையாது. எனக்கு எட்டு வருஷம் ஆச்சு, அதுல மூணு வருஷம் செய்ய வேண்டியத முன்னபின்ன மாத்தி செஞ்சதுலயே போச்சு. அந்த மூணு வருஷம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் இத எழுதுறேன். பாடகரா மட்டும் போகணும்னு நினைக்கிறவங்களுக்கும் முதல் மூணு படி அப்படியே பொருந்தும்.

1. முதல்ல ஒரு கொயர்ல போய் நில்லுங்க, அதுவும் நடு பார்ட்ல

கண்டக்டிங் கிளாஸ் எங்க இருக்குன்னு தேடாதீங்க இப்ப. ரெண்டு வருஷம் ஏதாவது ஒரு கொயர்ல பாடுங்க. கொயர்ல பொதுவா நாலு பார்ட், அதாவது நாலு குரல் வரிசை இருக்கும், மேல இருந்து கீழ சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ். மதுரைல சிஎஸ்ஐ சபைகள்லயும் ஆர்சி கோயில்கள்லயும் பாடகர் குழு இல்லாத இடம் கம்மி. அமெரிக்கன் காலேஜ், லேடி டோக் மாதிரி காலேஜ்ல படிக்கிறவங்க அங்கயே விசாரிங்க. சர்ச்சுக்குப் போகாத குடும்பமா இருந்தாலும் தயங்காம கேளுங்க, நல்லா பாடுற பையனயோ பொண்ணயோ எந்த கொயர் மாஸ்டரும் வேணாம்னு சொல்லி நான் பாத்ததில்ல, அதுவும் டெனார் பாடுற பையன்னா தூக்கிட்டே போயிடுவாங்க.

சொப்ரானோல நிக்காதீங்க. மெலடிதான பாடுறோம்னு சுகமா இருக்கும், ஆனா காது வளராது. ஆல்ட்டோ இல்லன்னா டெனார்ல நின்னு மேலயும் கீழயும் வேற வேற பாட்டு ஓடும்போது உங்க லைன விடாம பிடிச்சுப் பழகுங்க. நாளைக்கு நீங்க முன்னாடி நிக்கும்போது நாப்பது பேர்ல யார் தப்பா பாடுறாங்கன்னு கண்டுபிடிக்கிற காது இங்கதான் வருது, வேற எங்கயும் காசு குடுத்து வாங்க முடியாது.

இன்னொண்ணு. உங்க கொயர்ல வயசான ஆளுங்க சோல்ஃபா பாத்துப் பாடுவாங்க, டோ ரே மீ எழுத்துல இருக்குமே அதுதான். நான் அத பழங்காலத்து சமாச்சாரம்னு ஒதுக்கிட்டு ஸ்டாஃப் நொட்டேஷன், அதான் அஞ்சு கோட்டுல புள்ளி வெச்சு எழுதுறது, அத மட்டும் படிச்சேன். பெரிய தப்பு. சோல்ஃபாவுல டோ இடம் மாறும், நம்ம சட்ஜம் சுதிக்கு ஏத்த மாதிரி மாறுற மாதிரியேதான், அதனால நமக்கு சட்டுன்னு பிடிபடும். அந்தத் தாத்தா பாட்டிங்க உயிரோட இருக்கும்போதே உக்காந்து கத்துக்கோங்க. இது எங்க போய் எனக்கு உதவுச்சுன்னு ஏழாவது படில சொல்றேன்.

செலவு: ஒண்ணுமில்ல. பிராக்டீஸ் முடிஞ்சு டீக்காசு.

2. குரலுக்கு ஒரு டீச்சர், கீபோர்டுக்கு ஒரு டீச்சர்

ரெண்டும் வேணும். பாடத் தெரியாத கண்டக்டர் பாடுறவங்க மூச்ச புரிஞ்சுக்க மாட்டாரு, கீபோர்டு தெரியாத கண்டக்டர் நாலு பார்ட்டையும் சேத்து வாசிச்சுக் காமிக்க முடியாம முழிப்பாரு. அட்மிஷன் நேரத்துல "இந்த நாலு வரிய பியானோல வாசிங்க"ன்னு கேக்குற இடம் நிறைய. கச்சேரி பண்ற அளவுக்கு வேணாம், சபைப் பாட்டு புத்தகமான பாமாலைல இருக்குற ஒரு பாட்ட நாலு பார்ட்டோட தடுமாறாம வாசிச்சா போதும்.

எனக்கு மதுரைல கீபோர்டுக்கு மாசம் 1,500 ஆச்சு. வெஸ்டர்ன் வாய்ஸ்க்கு மாசம் ஒரு தடவ பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல சென்னை போய் ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே வண்டில திரும்பி திங்கக்கிழமை வேலைக்குப் போவேன். நடுவுல ஆன்லைன் கிளாஸ். கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா நேர்ல போகாம இருந்துடாதீங்க, நீங்க தோள்பட்டைய தூக்கி மூச்சு விடுறது போன் ஸ்க்ரீன்ல தெரியாது.

கர்நாடக சங்கீதம் படிச்சவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. பசுமலைல இருக்குற அரசு இசைக் கல்லூரில குரலிசை படிச்சிட்டு வந்தவங்க எனக்குப் பழக்கம், சுதி சுத்தமா இருக்கும், அதுல எவனும் கிட்ட வர முடியாது. ஆனா கொயர்ல ரெண்டு விஷயத்துல மாட்டுவாங்க. ஒண்ணு கமகம். நாலு பேரு சேந்து ஒரு கார்ட, அதாவது ஒரே நேரத்துல வேற வேற ஸ்வரத்த சேத்து, பிடிக்கும்போது ஒருத்தர் ஸ்வரத்த ஆட்டுனா கார்டே கலங்கிடும், நேரா பிடிக்கணும். ரெண்டாவது, நமக்கு சுதி நம்ம வசதி, ஆம்பளைங்க ஒரு கட்டை, பொம்பளைங்க அஞ்சு கட்டைன்னு வெச்சுக்குவோம். கொயர்ல பாட்டு எந்த சுதில (அவங்க கீன்னு சொல்வாங்க) எழுதியிருக்கோ அதுலதான், குரல் அங்க போய்த்தான் ஆகணும். அதனால மேல போகும்போது கத்தாம தலைக்குரல்ல பாடப் பழகணும், இதுக்கு மட்டும் எனக்கு ஒரு வருஷம்.

அப்புறம் பரோட்டா. சிரிக்காதீங்க. பிராக்டீஸ் முடிச்சு ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பரோட்டா சால்னாவோட அடிச்சிட்டு உடனே படுத்தா வயித்து அமிலம் தொண்டை வரைக்கும் ஏறும், காலைல குரல் கரகரன்னு இருக்கும். நான் சளின்னு நினைச்சு ஆறு மாசம் ஆவி பிடிச்சேன், பனங்கற்கண்டு பால் குடிச்சேன், கடைசில காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பாத்துட்டு சாப்பாட்டு நேரத்த மாத்துங்கன்னாரு. படுக்குறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டுடுங்க. மூணு வாரத்துக்கு மேல தொண்டை கட்டியே இருந்தா கை வைத்தியம் பண்ணிக்கிட்டு இருக்காம டாக்டர்ட்ட போங்க.

3. கிரேடு எக்ஸாம்: ட்ரினிட்டியா ஏபிஆர்எஸ்எம்மா

ரெண்டும் வெஸ்டர்ன் மியூசிக்குக்கு எக்ஸாம் வெச்சு சர்டிபிகேட் குடுக்குற லண்டன் போர்டு, ரெண்டுக்கும் எட்டு கிரேடு, ரெண்டுக்கும் வெளிநாட்டுல மதிப்பு உண்டு. எதுன்னு சண்டை போடுறதுல அர்த்தமில்ல, உங்க டீச்சருக்கு எது பழக்கமோ அதுல போங்க. ஆனா ஒரு வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும். ஏபிஆர்எஸ்எம்ல அஞ்சாம் கிரேடு தியரி பாஸ் பண்ணாம ஆறாம் கிரேடு ப்ராக்டிகல் எழுத முடியாது. ட்ரினிட்டில அந்தக் கட்டுப்பாடு இல்ல. எங்க குரூப்ல ஒரு தம்பி இது தெரியாம ஆறுக்கு தயாராகி கடைசி நேரத்துல ஒரு சீசன் முழுசா போச்சு.

மார்க் கணக்கும் வேற வேற. ட்ரினிட்டில 100க்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்ல 150க்கு 100 பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். வீட்ல 110 வாங்கிட்டேன்னு சொன்னா எத்தனைக்குன்னு சேத்து சொல்லுங்க.

எல்லா கிரேடும் ஒண்ணொண்ணா எழுத வேணாம். நான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா எழுதி ஃபீஸ கொட்டுனேன். கிரேடு ஏற ஏற ஃபீஸும் ஏறும், வருஷா வருஷமும் ஏறும். வாய்ஸ்ல அஞ்சு, அப்புறம் எட்டு, தியரில அஞ்சு, இந்த மூணு சர்டிபிகேட் இருந்தா கண்டக்டிங் பக்கம் போறதுக்கு தாராளம். ரெண்டு போர்டுலயும் வீடியோ ரெக்கார்ட் பண்ணி அனுப்புற எக்ஸாமும் இருக்கு, சென்டர் தேடி அலைய வேணாம்.

சர்டிபிகேட்ல பேரு எப்படி வருதுன்னு ஃபார்ம் போடும்போதே பாருங்க. பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே போடணும். இதப் பத்தி எட்டாவது படில அழுதிருக்கேன்.

4. கை ஆட்டுறது

இதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க, ஆனா இதுதான் சீக்கிரம் கத்துக்கக்கூடியது. 4/4னா, அதாவது நாலு எண்ணிக்கை தாளம்னா, கீழ, இடது, வலது, மேல. 3/4னா, மூணு எண்ணிக்கை, கீழ, வலது, மேல. ஒரு வாரத்துல வந்துடும்.

வராதது மூச்சு. நம்ம ஊர்ல தாளம் போட்டுப் பழகுனவங்களுக்கு தட்டு விழுற இடத்துலதான் தாளம். ஆனா கொயருக்கு முன்னாடி நிக்கும்போது பீட் விழுறதுக்கு முந்தியே அடுத்தது என்ன வேகம், என்ன சத்தம், எங்க மூச்சு எடுக்கணும்னு அந்த ஒரு தயாரிப்பு அசைவுல சொல்லிடணும். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின அந்த ஒரு பீட்ல நீங்களும் வாயத் திறந்து மூச்சு எடுங்க, மொத்த கொயரும் உங்களோட சேந்து எடுக்கும். நீங்க மூச்ச பிடிச்சுக்கிட்டு கைய மட்டும் ஆட்டுனா ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும், அப்புறம் அவங்களத் திட்டிப் பிரயோஜனமில்ல.

இடது கை வலது கைய அப்படியே காப்பியடிக்கக் கூடாது. அது சத்தம் ஏத்த, எறக்க, யாரு உள்ள வரணும்னு காமிக்க, பாட்ட முடிக்க. இதுக்கு நான் பண்ணுன பயிற்சி, வலது கைல 3/4 அடிச்சுக்கிட்டே இடது கையால சட்னி அரைக்க தேங்கா எடுத்துப் போடுறது. அம்மா பாத்துட்டு மந்திரிச்சு விடணும்னாங்க.

ஒரு 440 ட்யூனிங் ஃபோர்க், அதான் தட்டுனா எப்பவும் ஒரே ஸ்வரம் குடுக்குற கவை, வாங்கி பாக்கெட்ல வெச்சுக்கோங்க. பாட்டு முடிஞ்சதும் தட்டிப் பாருங்க, கொயர் அர ஸ்வரம் கீழ எறங்கியிருக்கும், அதுலயும் சித்திரை மாச வெயில்ல மத்தியான பிராக்டீஸ்ல கண்டிப்பா எறங்கும். எந்த வரில எறங்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

5. உங்களுக்குன்னு எட்டு பேரு சேருங்க

அடுத்தவங்க கொயர்ல உங்கள முன்னாடி நிக்க விடுவாங்கன்னு காத்திருந்தா கொயர் மாஸ்டர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் காத்திருக்கணும். பார்ட்டுக்கு ரெண்டு பேரு, மொத்தம் எட்டு, போதும். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், ஏழு மணின்னா ஏழு மணி. எட்டு பேரும் வரலன்னாலும் வந்தவங்கள வெச்சு ஆரம்பிச்சிடுங்க, ரெண்டு வாரத்துல மத்தவங்களும் நேரத்துக்கு வருவாங்க.

ஒவ்வொரு பிராக்டீஸுக்கும் முந்தின நாள் பத்து பத்து நிமிஷமா பிரிச்சு எழுதி வெச்சுக்கோங்க. ஒரு பார்ட்ட மட்டும் இருவது நிமிஷம் சொல்லிக்குடுத்துட்டு இருந்தா மத்த ஆறு பேரும் போன எடுத்துடுவாங்க. ஒரு பார்ட் பாடும்போது மத்தவங்கள முணுமுணுக்கச் சொல்லுங்க.

பாட்டு புக்க காசு குடுத்து வாங்க வேணாம் ஆரம்பத்துல. சிபிடிஎல், ஐஎம்எஸ்எல்பி ரெண்டு சைட்லயும் காப்புரிமை முடிஞ்ச பாட்டுங்க சும்மாவே கிடைக்கும். தமிழ்ல பார்ட் வேணும்னா மியூஸ்ஸ்கோர்னு நொட்டேஷன் எழுதுற சாஃப்ட்வேர்ல நீங்களே போட்டுப் பழகுங்க, அதுவும் இலவசம். ஆனா இன்னைக்கு எழுதுறவங்க பாட்ட ஒரு காப்பி வாங்கி நாப்பது ஜெராக்ஸ் போடுற பழக்கம் நம்ம எல்லார்ட்டயும் இருக்கு, அத அப்ளிகேஷன் வீடியோல மட்டுமாவது செஞ்சிடாதீங்க. கீர்த்தனையோட நிறுத்தாம, இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் பாரதியார் பாட்ட கொயருக்குன்னு அமைச்சாரே, அந்த வழியயும் கேட்டுப் பாருங்க, தமிழ் வார்த்தை நாலு பார்ட்ல எப்படி உக்காரும்னு புரியும்.

6. வீடியோ: நான் செத்துப் பிழைச்ச இடம்

வெளிநாட்டுல கண்டக்டிங் படிக்க அப்ளை பண்ணா முதல்ல வீடியோ கேப்பாங்க, பத்துல இருந்து பதினஞ்சு நிமிஷம், கொஞ்சம் பிராக்டீஸ் நடத்துறது கொஞ்சம் கச்சேரி. எத்தனை நிமிஷம், எத்தனை பாட்டுன்னு இடத்துக்கு இடம் மாறும். நான் சபைல கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸ் அன்னைக்கு கல்யாண வீடியோ எடுக்குற அண்ணனுக்கு 6,000 குடுத்து எடுத்தேன். பாக்க பிரமாதமா இருந்துச்சு. கேமரா சனங்க பக்கத்துல இருந்து எடுத்திருக்கு. மொத்த வீடியோலயும் என் முதுகும் சேலை முந்தானையும்தான் தெரியுது. அவங்களுக்கு வேண்டியது கொயர் பாக்குற பக்கம், அதாவது என் மூஞ்சியும் ரெண்டு கையும். ஒரு வருஷம் போச்சு.

அதனால கேமராவ பேஸ் பாடுறவங்களுக்குப் பின்னாடி ஸ்டாண்ட் போட்டு உங்களப் பாத்து வைங்க. போனே போதும், ஆனா சத்தத்துக்கு தனியா ஒரு ரெக்கார்டர் இருந்தா நல்லது. வெட்டி ஒட்டாதீங்க, ஒரு பாட்டுன்னா ஒரே டேக். பிராக்டீஸ் வீடியோதான் முக்கியம், நீங்க ஒரு தப்பக் கேட்டு, நிறுத்தி, ரெண்டே வார்த்தைல சொல்லி, மறுபடி பாடும்போது அது சரியாகியிருக்கணும். எல்லாம் சுத்தமா பாடுற வீடியோவ விட இதுக்குத்தான் மதிப்பு. தமிழ்ல பேசி நடத்துனா கீழ சப்டைட்டில் போடலாமான்னு முன்கூட்டியே கேட்டு மெயில் போட்டுடுங்க.

மதுரைல ரெக்கார்டிங் பண்ண நேரம் பாக்குறது தனி வித்தை. சித்திரைத் திருவிழா நேரத்துல வேணவே வேணாம், ஆடி மாசம் தெருவுக்குத் தெரு கூழ் ஊத்தி குழாய் ஸ்பீக்கர் கட்டிடுவாங்க. மாசாந்திர பவர் கட் என்னைக்குன்னு பேப்பர்ல பாருங்க. ஃபேன ஆஃப் பண்ணணும், இல்லன்னா சத்தம் கொர்ருன்னு பதியும், ஃபேன் இல்லாம எட்டு பேர அர மணி நேரம் நிக்க வைக்கணும்னா காலைல ஆறு மணிதான். ஆறு மணிக்கு யாருக்கும் மேல் ஸ்வரம் எட்டாது. அஞ்சரைக்கே வர வெச்சு சுக்கு காபி குடுத்து குரல எழுப்பி எடுத்தோம், காக்கா சத்தம் மட்டும் இன்னும் அதுல இருக்கு.

7. எங்க படிக்கிறது

நம்ம பக்கத்துல கொயர் கண்டக்டிங்குன்னே டிகிரி தேடி அலையாதீங்க, நான் அலைஞ்சாச்சு. வாய்ஸ், பியானோ, தியரி பலமா வேணும்னா சென்னைல கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரின்னு இசைக் கல்லூரி இருக்கு, 2008ல ஏ.ஆர்.ரகுமான் ஆரம்பிச்சது. சென்னைக்கே வேலைக்குப் போறவங்களா இருந்தா 1893ல இருந்து நடக்குற மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் கொயர்ல ஆடிஷன் குடுத்துப் பாருங்க, படிப்புக்கு நிகரா கத்துக்கலாம்.

வெளிநாடுன்னா எல்லாரும் லண்டன், அமெரிக்கான்னு ஓடுவாங்க. நல்ல இடங்கதான், ஆனா ஸ்காலர்ஷிப் இல்லாம போனா வீட்ட அடகு வைக்கணும். நான் போனது ஹங்கேரி. கெச்கெமேட்னு ஒரு ஊரு, கோடாய்ங்கிற ஹங்கேரி இசையமைப்பாளர் பொறந்த ஊரு, அங்க அவரு பேர்ல இருக்குற இன்ஸ்டிட்யூட், லிஸ்ட் அகாடமிங்கிற அந்த நாட்டு இசைப் பல்கலைக்கழகத்தோட சேந்தது. முதல் நாள் கிளாஸ்ல போர்டுல எழுதுனது என்ன தெரியுமா, டோ ரே மீ. டோ இடம் மாறுற அதே சோல்ஃபா, கை ஜாடையோட. நான் ஒதுக்கித் தள்ளுனத எங்க சபைப் பாட்டி அங்க இருந்திருந்தா கண்ண மூடிக்கிட்டுப் பாடியிருக்கும்.

அங்க படிக்க ஸ்டைபெண்டியம் ஹங்காரிகும்னு அந்த நாட்டு அரசாங்க ஸ்காலர்ஷிப் இருக்கு. பெரிய பொறி இதுதான்: ரெண்டு இடத்துல அப்ளை பண்ணணும். ஹங்கேரி சைட்ல ஒண்ணு, நம்ம மத்திய கல்வி அமைச்சகத்தோட ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல ஒண்ணு. ஒண்ணு மட்டும் போட்டா எண்ணிக்கைல வராது. முதல் தடவ நான் ஒண்ணுதான் போட்டேன். உங்க வருஷத்துல எந்தப் படிப்பு நம்ம நாட்டுக்காரங்களுக்குத் திறந்திருக்குன்னு லிஸ்ட்ல பாத்துட்டு போடுங்க. டியூஷன் ஃபீஸ் இல்ல, மாசம் கொஞ்சம் காசு வரும், ஆனா அத மட்டும் வெச்சுப் பிழைக்க முடியாது, வீட்ல இருந்து கொஞ்சம் கொண்டு போகணும்.

8. பேப்பர் வேலையும் தேதியும்

முதல் விஷயம் இனிஷியல். மார்க்‌ஷீட்ல இனிஷியலோட பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேர விரிச்சு எழுதியிருக்கும், மியூசிக் சர்டிபிகேட்ல கூப்பிடுற பேரு. மூணும் ஒரே ஆளுன்னு நிரூபிக்க நோட்டரில அஃபிடவிட் வாங்கி எல்லாத்தோடயும் சேத்து வெக்கணும். அதனால முதல்ல பாஸ்போர்ட் எடுங்க, அப்புறம் அதுல இருக்குற மாதிரியே மத்ததெல்லாம். சாதா பாஸ்போர்ட் 36 பக்கம் 1,500 ரூபாய், மதுரைலயே முடிஞ்சிடும்.

யுனிவர்சிட்டில டிரான்ஸ்க்ரிப்ட், அதான் மொத்தப் படிப்போட மார்க் பட்டியல், கேட்டா ஒரு மாசம் ரெண்டு மாசம்னு கணக்கு வெச்சுக்கோங்க, கூட ரெண்டு செட் சேத்து வாங்குங்க. அபோஸ்டில்னு ஒண்ணு சொல்வாங்க, நம்ம சர்டிபிகேட் வெளிநாட்டுல செல்லுறதுக்கு அரசாங்கம் வைக்கிற முத்திரை, அத கேட்டா மட்டும் பண்ணுங்க. அரசாங்கக் கட்டணம் ஒரு பேப்பருக்கு 50 ரூபாய்தான், ஏஜெண்ட் கேக்குறது ஆயிரக்கணக்குல. நான் யாரும் கேக்காமலேயே பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட்டுக்கெல்லாம் பண்ணி வெச்சிருக்கேன், இன்னும் பீரோல தூங்குது. ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் எக்ஸாமுக்கு 17,000க்கு மேல ஆகும், ரெண்டு வருஷம்தான் செல்லும், அதனால அவசரப்பட்டு முன்னாடியே எழுதாதீங்க.

இப்ப தேதி. லண்டன் பக்கம் கன்சர்வேட்டரிகளுக்கு பெரும்பாலும் அக்டோபர் ஆரம்பத்துலயே கதவு சாத்திடும், அமெரிக்கால நிறைய இடத்துக்கு டிசம்பர் ஒண்ணாந்தேதி வாக்குல வீடியோ போகணும், ஹங்கேரி ஜனவரி நடுவுல. ஒரு நிமிஷம் யோசிங்க. டிசம்பர் முழுக்க வீடு வீடா போய் கிறிஸ்மஸ் பாட்டு பாடுற கேரல் ரவுண்ட்ஸ், ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வருவோம், குரலும் இருக்காது மூளையும் இருக்காது. அது முடிஞ்சு நிமிந்தா பொங்கல் லீவு, எந்த ஆபீஸும் திறந்திருக்காது, அதே வாரத்துலதான் கடைசித் தேதி. ஆகவே டிரான்ஸ்க்ரிப்ட், பாஸ்போர்ட், டீச்சர்ட்ட சிபாரிசுக் கடிதம் எல்லாம் ஆவணி மாசத்துக்குள்ள கைல இருக்கணும். சிபாரிசுக் கடிதம் கேக்கும்போது "நீங்களே எழுதிக் கொண்டாங்க, கையெழுத்து போடுறேன்"னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க, பல இடத்துல அவங்க மெயில்ல இருந்தே நேரா அனுப்பணும்.

9. காசு

முழுசா கண்டக்டிங்ல மட்டும் சாப்பிட மதுரைல முடியாது, இத முதல்லயே சொல்லிடுறேன். சபைகள்ல குடுக்குறது காணிக்கை மாதிரி, சம்பளம்னு சொல்ல முடியாது. எனக்கு சோறு போடுறது ஸ்கூல் மியூசிக் டீச்சர் வேலை. அது போக கிரேடு எக்ஸாமுக்கு பிள்ளைங்கள தயார் பண்றது, காலேஜ் கொயருக்கு போட்டி நேரத்துல போய் சொல்லிக்குடுக்குறது, கல்யாணத்துல பாடுறது. கல்யாண சீசன்லதான் கொஞ்சம் நிமிரலாம்.

கல்யாணத்துக்கு ஒத்துக்கும்போது பாதி அட்வான்ஸ் வாங்காம டைரில எழுதாதீங்க, சொந்தக்காரங்கன்னாலும்தான். எத்தனை பாட்டு, எத்தனை பேரு, மைக் யாரு குடுக்குறாங்கன்னு வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கிக்கோங்க. பிராக்டீஸ் நாளையும் கணக்குல சேத்து பாடுறவங்களுக்குப் பிரிச்சுக் குடுங்க, முன்னாடி நிக்கிறோம்னு நீங்க பெரும்பங்கு எடுத்தா அடுத்த சீசன்ல டெனார் வர மாட்டான். கீபோர்டு ஏத்திட்டுப் போற ஆட்டோ வாடகையையும் அப்பவே சொல்லிடுங்க, திருமங்கலத்துக்குப் போய்ட்டு வர்ற காச நான் ரெண்டு வருஷம் என் கைல இருந்தே போட்டிருக்கேன்.